98 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்காத இடத்தில் எதை ஊற்றுவது? ஆக்டேன் பூஸ்டரும் மற்ற வழிகளும்

பெட்ரோலோடு கலந்து ஊற்றும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலின் முகப்பில் '30 பாயிண்ட் வரை ஏறும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். 95 ஆக்டேன் பெட்ரோல் 125 ஆகிவிடும் போலிருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். இந்த வியாபாரத்தில் ஒரு பாயிண்ட் என்றால் 0.1 ஆக்டேன். 30 பாயிண்ட் என்பது வெறும் 3. 95 போய் 98 ஆகும், அவ்வளவுதான். அதிலும் 'வரை' என்ற ஒரு சொல்லைப் போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். எத்தனை லிட்டருக்கு அந்த 3 என்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சில பாட்டில்களில் அதுவும் இருக்காது.

ஆனால் 3 ஆக்டேனைச் சாதாரணமாக எண்ணிவிடவும் முடியாது. 98க்கு டியூன் செய்த டர்போ காரை 95 மட்டுமே கிடைக்கும் இடத்தில் ஓட்ட வேண்டியிருந்தால், இன்ஜின் முழு பலத்தோடு இழுப்பதற்கும் தன்னைக் காத்துக்கொள்ளப் பின்வாங்குவதற்கும் நடுவில் இருப்பது அந்த மூன்றுதான். அதைப் பெறப் பல வழிகள் உண்டு: பாட்டில், பங்கிலேயே உயர்ந்த ரகம், எத்தனால் கலவை, ரேஸ் பெட்ரோல், தண்ணீர்-மெத்தனால் பீய்ச்சல். பேசாமல் கிடைக்கிற பெட்ரோலுக்கு ஏற்ப டியூனை இறக்கிக்கொள்வதும் ஒரு வழி. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பாட்டில் அவசரத்துக்கு உதவும். வாராவாரம் பாட்டில் ஊற்றித்தான் ஓட்ட வேண்டும் என்ற நிலையில் இருக்கும் கார், தப்பான மேப்பில் (இன்ஜின் கணினியில் எழுதிவைத்த கட்டளைப் பட்டியல்) ஓடிக்கொண்டிருக்கும் கார்.

முதலில் எண்ணைச் சரிபாருங்கள்

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்வதில்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்கிறது. ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, அந்த இரண்டின் கலவையோடு ஒப்பிட்டுத்தான் எல்லா பெட்ரோலையும் அளக்கிறார்கள். சோதிக்கும் முறை இரண்டு. இன்ஜினை 600 ஆர்பிஎம்மில் மிதமான சூட்டில் ஓட்டி அளப்பது ஆர்.ஓ.என். 900 ஆர்பிஎம்மில், உள்ளே போகும் கலவையை 149 டிகிரிக்குச் சூடாக்கிக் கடுமையாகச் சோதிப்பது எம்.ஓ.என். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் பங்கில் போட்டிருப்பது ஆர்.ஓ.என். அமெரிக்காவில் இரண்டின் சராசரியைப் போடுவார்கள்.

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்கச் சந்தைக்கான காரின் பெட்ரோல் மூடியில் 91 என்று இருந்தால், அது ஆர்.ஓ.என் கணக்கில் ஏறத்தாழ 95, 96. அங்கே 93 என்பது இங்கே சுமார் 98. மூடியில் 91 என்று பார்த்துவிட்டு 91 ஆர்.ஓ.என் பெட்ரோலை அடித்து, 'இன்ஜின் தட்டுகிறது' என்று பூஸ்டர் தேடுபவர்கள் ஒரு பக்கம். ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய டர்போ கார்க்காரர்கள் இன்னொரு பக்கம். அங்கே உயர் ரகமாக விற்கும் பெட்ரோல் பெரும்பாலும் 100 ஆர்.ஓ.என். அந்த கார்களின் மேப் அதை நம்பி எழுதப்பட்டது. 95ஐ ஊற்றினால் அவற்றுக்கு நிஜமாகவே பற்றாக்குறைதான். பூஸ்டருக்கு நியாயமான வாடிக்கையாளர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் முதலில் இவர்களைச் சொல்வேன்.

இன்ஜின் கேட்கிறதா என்று இன்ஜினிடமே கேளுங்கள்

95க்கு வடிவமைத்த சாதாரண இன்ஜினில் 100 ஊற்றினாலும் ஒன்றும் நடக்காது. மேப்பில் இருக்கும் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, தாண்டி இன்ஜின் போகாது. மிச்ச ஆக்டேன் சும்மா எரிந்து புகைக்குழாய் வழியே போய்விடும். 'பூஸ்டர் ஊற்றினேன், பிக்கப் பறக்கிறது' என்று அப்படிப்பட்ட கார்க்காரர் சொன்னால், பறந்தது அவர் மனசு.

டர்போ காரிலும், கம்ப்ரஷன் உயர்ந்த காரிலும் கதை வேறு. பிளாக்கில் திருகிவைத்த நாக் சென்சார் உலோகத்தின் அதிர்வைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கலவை தானாகப் பற்றித் தட்டும் நாக்கிங் அதிர்வு வந்தவுடன், இன்ஜினின் கணினியான ஈசியூ அந்த சிலிண்டரின் ஸ்பார்க்கைச் சில டிகிரி தாமதிக்கும். தாமதித்தால் அழுத்தம் குறையும், இழுவையும் குறையும். காதுக்கு ஒன்றும் கேட்காது. கார் ஏதோ சோம்பலாக இருப்பது போல மட்டும் தோன்றும்.

அதனால் காதை நம்பாமல் லாக் (ஓடும்போது ஈசியூ தரும் அளவுகளின் பதிவு) எடுத்துப் பாருங்கள். காரின் பழுதறியும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் கருவியும், அந்த காரின் ஈசியூவைப் படிக்கத் தெரிந்த ஆப்பும் போதும். டைனோ என்ற அளவு மேடையிலோ டிராக்கிலோ மூன்றாவது கியரில் 2500 ஆர்பிஎம்மிலிருந்து முழுக்க மிதித்து ரெட்லைன் பக்கம் வரை போங்கள். பதிவாக வேண்டியவை: ஒவ்வொரு சிலிண்டரின் டைமிங் திருத்தம், உள்ளே வரும் காற்றின் வெப்பம், பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்), காற்று-பெட்ரோல் விகிதம். நான்கு சிலிண்டரிலும் திருத்தம் பூஜ்யத்தை ஒட்டியே இருந்து, எப்போதாவது ஒன்றரை டிகிரி மட்டும் எட்டிப்பார்த்தால் பெட்ரோலில் குறையில்லை. ஒரே ஆர்பிஎம் பகுதியில் திரும்பத் திரும்ப எல்லா சிலிண்டரும் நான்கு, ஐந்து டிகிரி பின்வாங்கினால் ஆக்டேன் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த எல்லைகள் கார் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் இன்ஜினில் எது சகஜம் என்று அதை டியூன் செய்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் பின்வாங்குகிறதா? பெட்ரோலைக் குறை சொல்லாதீர்கள். எல்லா சிலிண்டருக்கும் ஒரே டேங்கிலிருந்துதான் போகிறது. அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், பிளக்கின் வெப்ப ரகம் தவறாக இருக்கலாம், பிஸ்டன் தலையில் கரி படிந்து கம்ப்ரஷன் ஏறியிருக்கலாம். முதல் ஓட்டத்தில் சரியாக இருந்து மூன்றாவது ஓட்டத்தில் மட்டும் பின்வாங்கினால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறித் தவிக்கிறது என்று அர்த்தம். காற்றின் வெப்பக் கோடு அதைக் காட்டிக்கொடுக்கும். இந்த மாதிரி நேரத்தில் பூஸ்டர் ஊற்றுவது, காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை விழுங்குவது போல. அறிகுறி அடங்கும், உள்ளே இருப்பது வளரும்.

இன்னொன்றும் உண்டு. சிறிய டர்போ நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் அதிக பூஸ்ட் கொடுக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்னாலேயே கலவை பற்றிக்கொள்ளும். நாக்கிங்கைவிட மோசமான இந்த நோய்க்கு எல்.எஸ்.பி.ஐ என்று பெயர். ஒரே அடியில் பிஸ்டனை உடைத்துவிடக்கூடியது. இதில் இன்ஜின் ஆயிலின் சேர்க்கைப் பொருள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கால்சியம் அதிகமுள்ள ஆயில்கள் இதைத் தூண்டின. 2020ல் வந்த ஏ.பி.ஐ எஸ்.பி தர ஆயில்கள் இதையும் சோதித்துத்தான் வருகின்றன. இங்கே பாட்டிலைவிடச் சரியான ஆயிலும், உயர் கியரில் 1500 ஆர்பிஎம்மில் முழுக்க மிதிக்காத காலும் அதிகம் உதவும்.

சரி, பாட்டிலுக்குள் என்னதான் இருக்கிறது?

பிராண்டுகள் எத்தனையோ. உள்ளே வேலை செய்யும் சரக்கு சில ரகம்தான். பாதுகாப்புத் தரவுத் தாளைத் தேடிப் படித்தால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். நிறைய பாட்டில்களில் பெரும்பகுதி மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான். வேலைக்காரன் மீதமுள்ள சில சதவீதம்தான்.

அந்த வேலைக்காரன் பெரும்பாலும் எம்.எம்.டி என்ற மாங்கனீஸ் சேர்மம். 1950களின் கடைசியில் வந்தது. முதலில் ஈயத்துக்குத் துணையாக, பின்னர் ஈயத்துக்கு மாற்றாக. ஈயத்தின் கதை தனிக்கதை. 1921ல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் நாக்கிங்கை அடக்குவதைக் கண்டுபிடித்தார். கடைசியாக அல்ஜீரியா பங்குகளில் ஈய பெட்ரோலை நிறுத்தியது 2021ல். ஏறத்தாழ நூறு வருஷம் அந்த விஷத்தைச் சுவாசித்திருக்கிறோம். பழைய கார்களுக்கு 'லெட் சப்ஸ்டிட்யூட்' என்று விற்கும் பாட்டில் வால்வு சீட்டைக் காப்பதற்கானது. பூஸ்டர் என்று நினைத்து அதை வாங்கிவிடாதீர்கள்.

எம்.எம்.டியின் பலம், துளியளவே போதும் என்பது. பலவீனமும் அதிலேயே இருக்கிறது: முதல் சில மில்லிகிராமில்தான் பலன் அதிகம், அதற்கு மேல் ஊற்ற ஊற்ற ஏற்றம் குறைந்துகொண்டே போகும். ஒரு பாட்டிலுக்கு 2 ஏறினால் இரண்டு பாட்டிலுக்கு 4 ஏறாது. அமெரிக்காவில் பங்க் பெட்ரோலுக்கு அனுமதித்த அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் மாங்கனீஸ். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல் 2 மில்லிகிராம். அந்த அளவில் கிடைப்பது ஒரு ஆக்டேனோ அதற்கும் குறைவோதான். பாட்டில் சொல்லும் மூன்றை எட்ட வேண்டுமானால் இந்த வரம்புகளைப் பல மடங்கு தாண்டியாக வேண்டும். சில பாட்டில்களின் பின்னால் 'பொதுச் சாலைக்கு அல்ல, பந்தயத்துக்கு மட்டும்' என்று இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தாண்டினால் என்ன ஆகும் என்பதை பிளக்கே சொல்லும். நன்றாக ஓடும் இன்ஜினில் கழற்றிய பிளக்கின் பீங்கான் மூக்கு வெளிர் பழுப்பாக இருக்கும். எம்.எம்.டி தொடர்ந்து போன இன்ஜினில் மூக்கு முழுக்கச் செங்கல் பொடி பூசியது போல ஆரஞ்சுச் சிவப்பாகப் படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினாலும் முழுதாக வராது. அது மாங்கனீஸ் ஆக்சைடு. படிவு கனமானால் ஸ்பார்க் இடைவெளியைத் தாண்டாமல் பீங்கான் மேலேயே வழிந்தோடும். அதிக பூஸ்ட்டில் மிஸ்ஃபயர் வரும். இதே தூள் ஆக்சிஜன் சென்சாரின் மேலும், புகையைச் சுத்தமாக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரின் தேன்கூட்டு முகத்திலும் படிகிறது. இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் துகள் வடிகட்டியும் இருக்கிறது. கரியை அது எரித்துத் தள்ளிவிடும். உலோகச் சாம்பலை எரிக்க முடியாது. அது அங்கேயே தங்கும். பாட்டில் மலிவாகத் தெரியும்போது இந்த மூன்றையும் மாற்ற ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது ரகம் ஃபெர்ரோசீன். இரும்புச் சேர்மம். ஆக்டேன் ஏற்றும். கூடவே பிளக்கில் சிவப்பு இரும்பு ஆக்சைடைப் படியவைக்கும். சூட்டில் அந்தப் படிவு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மிஸ்ஃபயர் இன்னும் சுலபமாக வரும். எழுதியிருப்பது ஃபெர்ரோசீன் என்று தெரிந்தால் நான் அந்த பாட்டிலைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுவேன்.

மூன்றாவது, என்-மீத்தைல் அனிலின் போன்ற அரோமேட்டிக் அமைன்கள். உலோகம் கிடையாது, வீரியமும் உண்டு. ஆனால் அளவு மீறினால் பிசின் படியும், ரப்பர் பாகங்களுக்கும் நல்லதில்லை, மனித உடம்புக்கு நிச்சயம் கெடுதல்.

நான்காவது, கரைப்பான் ரகம்: டொலுயீன், சைலீன், எத்தனால், ஈதர்கள். 'உலோகம் இல்லாதது, சென்சாருக்குப் பாதுகாப்பானது' என்று விற்பவற்றில் பல இதுதான். வாக்கியம் உண்மை. பலன் எவ்வளவு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போடுவோம். டொலுயீனின் ஆர்.ஓ.என் சுமார் 120. 50 லிட்டர் 95 ஆக்டேன் பெட்ரோலில் 300 மில்லி பாட்டில் முழுக்கச் சுத்தமான டொலுயீன் என்றே வைத்துக்கொள்வோம். அது 0.6 சதவீதம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 25. 25ல் 0.6 சதவீதம் 0.15. 95 ஆனது 95.15 ஆகிறது. கால் ஆக்டேன்கூடத் தேறவில்லை. எத்தனாலின் கலவை எண்ணைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டாலும் முடிவு இதே ரகம்தான்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் கடையில் யாரும் ஏமாற்ற முடியாது. 300 மில்லி பாட்டில் ஒரு முழு டேங்கை 3 ஆக்டேன் தூக்கும் என்றால் உள்ளே உலோகமோ அமைனோ இருந்தாக வேண்டும். இரண்டும் இல்லை, வெறும் கரைப்பான் என்றால் அந்த 3 பொய். 'பாதுகாப்பானது, துளியே போதும், பெரிய ஏற்றம்' மூன்றும் ஒரே பாட்டிலில் கிடைப்பதில்லை.

டொலுயீனை லிட்டர் கணக்கில் கலந்தால்?

கணக்குப்படி ஏறும். 45 லிட்டர் 95ல் 5 லிட்டர் டொலுயீன் சேர்த்தால் 97.5. இதற்குப் பெரிய இடத்துச் சான்றே உண்டு. 1988ல் ஃபார்முலா ஒன்னை ஆண்ட ஹோண்டாவின் டர்போ இன்ஜினுக்கு ஊற்றியது 84 சதவீதம் டொலுயீன், 16 சதவீதம் நார்மல் ஹெப்டேன். ஆக்டேன் விதிப்படியான 102க்குள் அடங்கும், அடர்த்தியும் அதிகம். ஆனால் டொலுயீன் சட்டென்று ஆவியாகாது என்பதால் எரிபொருளைச் சூடாக்கி அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஏற்பாடெல்லாம் உங்கள் காரில் கிடையாது. பெயிண்ட் கடை டின்னில் இருப்பது எவ்வளவு சுத்தம் என்று தெரியாது. ஆவி தலையைச் சுற்றவைக்கும், நரம்பைப் பாதிக்கும். லிட்டர் கணக்கில் வீட்டில் வைத்திருப்பது தீ அபாயம். வேதியியல் ஆர்வத்துக்குச் சரி. வாராவாரம் செய்கிற வேலை இல்லை.

பங்கிலேயே உயர்ந்த ரகம் இருந்தால்

இருந்தால் பேச்சு முடிந்தது. சுத்திகரிப்பு ஆலையில் கலந்து, அளந்து, டேங்க் முழுக்க ஒரே சீராக வரும் 98ஐ எந்த பாட்டிலும் வெல்லாது. விலை அதிகம் என்று தயங்குபவர் செய்ய வேண்டிய கணக்கு ஒன்றுதான்: லிட்டருக்கான விலை வித்தியாசத்தை டேங்க் கொள்ளளவால் பெருக்கி, பாட்டில் விலையோடு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பாட்டில்தான் தோற்கும். கூடுதலாக, உயர் ரகங்களில் பல நல்ல டிடர்ஜென்ட்டோடு வருகின்றன. ஆனால் கூட்டம் வராத பங்கில் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கும் உயர் ரகத்தைவிட, வண்டி வண்டியாக விற்றுத் தீரும் பங்கில் வாங்குவது மேல்.

எத்தனால்: பலம் நிஜம், வேலையும் நிஜம்

டியூனிங் உலகம் சில வருஷங்களாக எத்தனால் பக்கம் சாய்ந்திருப்பது சும்மா இல்லை. எத்தனாலின் ஆர்.ஓ.என் சுமார் 109. அதைவிட முக்கியம், ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் அந்தக் குளிர்ச்சி சிலிண்டருக்குள்ளேயே நடப்பதால், எண்ணில் தெரிவதைவிட அதிகமாக நாக்கிங் அடங்கும். இ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) கிடைக்கும் இடத்தில் அதைக் கொஞ்சம் பங்க் பெட்ரோலோடு கலந்து 30 சதவீத எத்தனாலில் ஓட்டுவது இப்போது ரொம்பச் சகஜம்.

கலக்கும் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. 50 லிட்டர் டேங்கில் 15 லிட்டர் இ85, 35 லிட்டர் இ10 (10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்). இ85ல் 83 சதவீதம் எத்தனால் என்றால் மொத்தம் சுமார் 32 சதவீதம். ஆனால் அமெரிக்காவில் இ85 என்ற பெயரில் 51 முதல் 83 சதவீதம் வரை எதுவும் வரலாம். குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆவதற்காகக் குறைப்பார்கள். 51 என்றால் அதே கலவை 22 சதவீதம்தான். 32க்கு எழுதிய மேப்பில் 22 போனால் மறுபடியும் நாக்கிங். அதனால் அளந்து ஊற்ற வேண்டும். கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் அடிக்கோடு வரை தண்ணீர், மேல்கோடு வரை பெட்ரோல் விட்டு, மூடிக் குலுக்கி, சில நிமிடம் நிற்க வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அடியில் இருக்கும் அடுக்கு எவ்வளவு உயர்ந்தது என்பதே எத்தனால் அளவு. கைக்கு அடக்கமான இந்தக் குழாய், எத்தனால் ஊற்றுபவர் காரில் எப்போதும் இருக்க வேண்டியது. நிரந்தரமாக ஓட்டுவதானால் பெட்ரோல் லைனில் எத்தனால் சென்சார் வைத்து, ஈசியூ தானே மேப்பை மாற்றிக்கொள்ளும்படி செய்துவிடலாம்.

பம்ப்பும் இன்ஜெக்டரும் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. எத்தனாலில் சக்தி குறைவு, அதே காற்றுக்கு அதிகம் ஊற்ற வேண்டும். 30 சதவீதக் கலவைக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாகப் பாயும். முழு இ85 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நேரடி இன்ஜெக்‌ஷன் காரில் உயர் அழுத்த பம்ப்தான் முதலில் மூச்சு வாங்கும். லாக்கில் பெட்ரோல் அழுத்தக் கோடு ஆர்பிஎம் ஏற ஏறத் தொய்ந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மைலேஜ் குறையும். பழைய கார் என்றால் ரப்பர் குழாய்களையும் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் நிற்கும் கார் என்றால் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேப் மாற்றாமல் 'சும்மா கொஞ்சம் கலந்து பார்ப்போம்' என்பது எல்லா காருக்கும் பொருந்தாது.

ரேஸ் பெட்ரோல்

டிராக்குக்கு மட்டும் போகிற காருக்கு இதைவிட நிம்மதி இல்லை. ஒவ்வொரு டிரம்மும் ஒரே மாதிரி. விலை பங்க் பெட்ரோலைப் போலப் பல மடங்கு என்பதால் தினசரிக்கு ஆகாது. ஆனால் கலந்து ஊற்றலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை: 30 லிட்டர் 95, 20 லிட்டர் 102 என்றால் தோராயமாக 97.8. எந்த பாட்டிலையும்விட நம்பகமான ஏற்றம் இது. இரண்டு விஷயம் மட்டும் கவனம். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோல் இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஒரு டேங்க் போதும், கேடலிட்டிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் கெட. அப்புறம், ஆக்சிஜன் சேர்மங்கள் நிறைந்த ரேஸ் பெட்ரோலுக்கு மேப் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கலவை மெலிந்துவிடும்.

தண்ணீர்-மெத்தனால்

ஆக்டேனை ஏற்றாமலேயே அதே வேலையைச் செய்யும் வழி. பாதித் தண்ணீர், பாதி மெத்தனால் கலந்து பூஸ்ட் ஏறும்போது உள்காற்றில் பீய்ச்சுவது. காற்று குளிரும், நாக்கிங் அடங்கும். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் போர் விமானங்களிலேயே இருந்த நுட்பம். 1962ல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் 10.25க்கு 1 கம்ப்ரஷனில் டர்போ வைத்துவிட்டு, நாக்கிங்குக்கு இந்தத் திரவத்தைத் தனி டேங்கில் கொடுத்தது. திரவம் தீர்ந்தால் பூஸ்ட்டை அடக்கும் ஏற்பாடும் இருந்தது. வாங்கியவர்கள் ஊற்ற மறந்துவிட்டு 'கார் இழுக்கவில்லை' என்று புகார் சொன்னதுதான் மிச்சம். பின்னாளில் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் டிக்கியில் 5 லிட்டர் தண்ணீர் டேங்க்கோடு இதையே நவீனமாகச் செய்தது.

ஜெட்ஃபயர் வாங்கியவர்களின் மறதி இன்றும் மனித சுபாவம்தான். பம்ப் நின்றாலோ நாசில் அடைத்தாலோ டேங்க் காலியானாலோ பூஸ்ட்டைத் தானாக வெட்டும் ஏற்பாடு இல்லாத கிட்டை மாட்டுவதற்குப் பதில் மாட்டாமலே இருக்கலாம். அந்த ஏற்பாடு இருந்தால், வெயிலில் இன்டர்கூலர் திணறும் காருக்கு இது பாட்டிலைவிட எவ்வளவோ மேல்.

டியூனை இறக்குவது

இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. 95 மட்டுமே கிடைக்கும் இடத்தில் வருஷம் முழுக்க ஓடும் காருக்கு 95க்கான மேப் எழுதிக்கொள்வதுதான் உருப்படியான வழி. பூஸ்ட் கொஞ்சம் குறையும், டைமிங் சில டிகிரி இறங்கும், உச்ச பவர் குறையும். ஆனால் 98 மேப்பை வைத்துக்கொண்டு 95ல் ஓடும்போது ஈசியூ எப்படியும் அந்த பவரைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் போகிறது. ஒவ்வொரு முறையும் நாக்கிங்கைக் கேட்ட பிறகுதான் பின்வாங்குகிறது என்பது மட்டும் வித்தியாசம். அந்தச் சின்னச் சின்ன அடிகளைப் பிஸ்டனின் வளைய விளிம்பு எண்ணிக்கொண்டிருக்கும். ஒரே முறை செலவு. அப்புறம் எந்தப் பங்கிலும் நிம்மதி. இரண்டு மேப்பை வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப மாற்றும் வசதி பல ஈசியூக்களில் இருக்கிறது. நெடும்பயணத்துக்கு ஒன்று, நல்ல பெட்ரோல் கிடைக்கும் நாளுக்கு ஒன்று.

நாக் சென்சாரே இல்லாத, கம்ப்ரஷன் உயர்ந்த பழைய இன்ஜினுக்கு இது இன்னும் கட்டாயம். பின்வாங்க அங்கே ஈசியூ இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை இறக்குவது சில நிமிட வேலை.

அப்படியும் பாட்டில்தான் என்றால்

நியாயமான நேரம் உண்டு. 98 கார், அடுத்த 98 பங்க் சில நூறு கிலோமீட்டர் தள்ளி, வழியில் 91 மட்டும்தான் கிடைத்தது. அந்த டேங்குக்கு ஒரு பாட்டில் ஊற்றிவிட்டு, நிதானமாக ஓட்டிப் போவது புத்திசாலித்தனம். 'நிதானமாக' என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்; பாட்டிலை நம்பி முழு பூஸ்ட் வேண்டாம். 91 என்பது 3 ஏறினாலும் 94தான். 100 ஆர்.ஓ.என்னுக்கான ஜப்பானிய காரை மேப் எழுதும் வரை காப்பாற்றுவதும் இந்தக் கணக்கில் வரும்.

தேர்ந்தெடுக்கும்போது உள்ளே இருப்பது எது, எத்தனை லிட்டருக்கு எவ்வளவு ஏறும் என்று ஆர்.ஓ.என் எண்ணிலேயே வெளிப்படையாகச் சொல்லும் பாட்டிலை எடுங்கள். துகள் வடிகட்டி உள்ள காருக்கும், வாரண்டியில் இருக்கும் காருக்கும் உலோகப் பூஸ்டர் வேண்டாம். கையேட்டில் பெரும்பாலும் தடையே எழுதியிருக்கும். பெட்ரோல் போடுவதற்கு முன்னால் பாட்டிலை ஊற்றுங்கள், மேலே விழும் பெட்ரோல் கலந்துவிடும். கையுறை போடுங்கள், எம்.எம்.டி தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் நஞ்சு. ஊற்றியதும் பலனை எதிர்பார்க்க வேண்டாம். பின்வாங்கிப் பழகிய ஈசியூ திரும்ப முன்னேறக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அதன் பிறகு முன்பு எடுத்த அதே கியர், அதே வெப்பநிலையில் லாக்கை எடுத்துப் பழையதன் மேல் வைத்துப் பாருங்கள். திருத்தம் நான்கரையிலிருந்து ஒன்றரைக்கு வந்திருந்தால் பாட்டில் வேலை செய்கிறது. அசையவே இல்லை என்றால் பிரச்சினை ஆக்டேனில் இல்லை, இன்டர்கூலரையும் பிளக்கையும் கரியையும் பாருங்கள்.

பாதி மிஞ்சிய எம்.எம்.டி பாட்டிலை அடுத்த பயணத்துக்கு என்று ஜன்னலோரம் வைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும், பாட்டில் ஒளி புகாத பிளாஸ்டிக்கில் வருவதே அதற்காகத்தான். வாங்கும் அளவு ஒரு டேங்குக்கானதாக இருக்கட்டும்.